வாள் கூரியது, பிடி யார் கையில்?

2008 நவம்பர் 26-ம் தேதி இரவு, பாகிஸ்தானிலிருந்து கடல் வழியே வந்த பத்து பயங்கரவாதிகள் மும்பையில் தாக்குதலைத் தொடங்கியபோது, அவர்களை எதிர்கொள்ளத் தகுந்த பயிற்சி பெற்ற வீரர்கள் இந்தியாவில் இல்லாமல் இல்லை. மும்பையிலேயே கடற்படையின் 'மார்கோஸ்' கமாண்டோக்கள் இருந்தனர். ஹரியாணா மாநிலம் மானேசரில் தேசியப் பாதுகாப்புப் படையினர் இருந்தனர். ஆனால், மார்கோஸ் வீரர்கள் வருவதற்கு மாநில அரசு கடற்படையிடம் கோரிக்கை வைக்க வேண்டியிருந்தது. தேசியப் பாதுகாப்புப் படையை அனுப்ப மத்திய உள்துறை அமைச்சகம் முடிவெடுக்க வேண்டியிருந்தது. முடிவெடுத்த பிறகு, அவர்களை ஏற்றிச் செல்லும் விமானம் சண்டீகரிலிருந்து தில்லிக்கு வர வேண்டியிருந்தது. கருஞ்சீருடை வீரர்கள் மும்பையில் வந்திறங்கியபோது பொழுது விடியத் தொடங்கிவிட்டது.

166 பேரின் உயிரைப் பறித்த அந்தத் தாக்குதலில் நமது வீரர்களின் துணிவைக் குறைசொல்ல எவராலும் முடியாது. யார் உத்தரவிடுவது, யார் முதலில் செல்வது, யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கேள்விகளுக்கு விடை முன்கூட்டியே ஆயத்தமாக இல்லை என்பதுதான் குறை. அதன் பிறகு சென்னை, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத் நகரங்களில் தேசியப் பாதுகாப்புப் படையின் மண்டல மையங்கள் 2009-ல் திறக்கப்பட்டன. தொலைவு குறைந்தது, நல்லதுதான். ஆனால், தொலைவைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இந்தியாவின் சிறப்புப் படைகள் எத்தனை, அவை யார் யாருக்குக் கட்டுப்பட்டவை என்று கணக்கெடுத்தால் அது விளங்கும்.

தரைப்படையில் பாராசூட் படைப்பிரிவின் சிறப்புப் படை பட்டாலியன்கள் உள்ளன. கடற்படையில் 1987-ல் தொடங்கப்பட்ட மார்கோஸ் உள்ளது. விமானப்படை தனது தளங்களைக் காக்கவும் பிற பணிகளுக்காகவும் 2004-ல் 'கருட்' படையை உருவாக்கியது. இவை மூன்றும் பாதுகாப்பு அமைச்சகத்தைச் சேர்ந்தவை என்றாலும் மூன்று வெவ்வேறு தளபதிகளின் கீழ் வளர்ந்தவை. 1984-ல் அமைக்கப்பட்ட தேசியப் பாதுகாப்புப் படை உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. அதன் தாக்குதல் பிரிவில் இருப்பவர்கள் தரைப்படை வீரர்கள். தலைமை இயக்குநர் பதவியில் அமர்பவர் ஐ.பி.எஸ். அதிகாரி. 1962-ல் சீனப் போரின்போது திபெத்திய அகதிகளைக் கொண்டு திரட்டப்பட்ட சிறப்பு எல்லைப் படையோ அமைச்சரவைச் செயலகத்தின் கீழ் உள்ளது. ஆக, நாட்டின் மிகக் கூரிய ஆயுதத்தின் பிடி ஐந்து கைகளில் பிரிந்து கிடக்கிறது.

இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. எந்தத் திட்டத்தின்படியும் இந்தப் படைகள் உருவாகவில்லை. ஒவ்வொன்றும் ஒரு நெருக்கடியின் பிள்ளை. 1965 போரின்போது, லெப்டினன்ட் ஜெனரல் ஹர்பக்ஷ் சிங்கின் ஒப்புதலோடு மேஜர் மேக் சிங் திரட்டிய 'மேகதூத்' என்ற சிறு அணி எதிரியின் எல்லைக்குப் பின்னால் சென்று பாலங்களையும் நிலைகளையும் தாக்கியது. அந்த அனுபவத்திலிருந்துதான் 1966-ல் 9-வது பாராசூட் கமாண்டோ பட்டாலியன் பிறந்தது. அடுத்த ஆண்டு அதிலிருந்து 10-வது பட்டாலியன் பிரிந்தது. ஒன்று காஷ்மீர் மலைகளுக்கு, மற்றொன்று ராஜஸ்தான் பாலைவனத்துக்கு.

1971 டிசம்பரில் இந்த இரண்டும் தங்களை நிரூபித்தன. ஜெய்ப்பூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் கர்னல் பவானி சிங் தலைமையில் 10-வது பட்டாலியன் வீரர்கள் பாலைவனத்தின் ஊடாக வாகனங்களில் சிந்து மாகாணத்துக்குள் நெடுந்தொலைவு ஊடுருவி, சாச்ரோ நகரைக் கைப்பற்றினர். பூஞ்ச் பகுதிக்கு எதிரே மண்டோலில் இருந்த பாகிஸ்தானின் பீரங்கிகளை 9-வது பட்டாலியனின் சிறு குழு ஒரே இரவில் அழித்தது. கைவிரல்விட்டு எண்ணத்தக்க பெரிய பீரங்கிகளுக்காக ஒரு படைப்பிரிவே மோத வேண்டிய வேலையை, தெளிவான இலக்கும் போதிய அவகாசமும் தரப்பட்ட சில டஜன் பேர் முடித்துக் காட்டினர். சிறப்புப் படை என்பதன் பொருள் இதுதான்: சிறிய அணி, பெரிய விளைவு. அதற்கு நல்ல உளவு, நுணுக்கமான திட்டம், நம்பகமான போக்குவரத்து, ஒரே தலைமை ஆகிய நான்கும் தேவை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் விளைவு தலைகீழாகிவிடும்.

அப்படித் தலைகீழாகிப் போனதற்கு எடுத்துக்காட்டுகள் தொலைவில் இல்லை. 1984 ஜூன் மாதம் அமிருதசரஸ் பொற்கோயிலில் நடந்த 'புளூ ஸ்டார்' நடவடிக்கையில் 1-வது பாராசூட் கமாண்டோ வீரர்கள், பலத்த தற்காப்புடன் காத்திருந்தவர்களின் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே பளிங்குத் தரையில் நேருக்கு நேராக முன்னேற வைக்கப்பட்டனர். ஒளிந்து சென்று தாக்கப் பயிற்சி பெற்றவர்களுக்கு மறைவிடமே இல்லாத களம் தரப்பட்டது. இழப்பு கடுமையாக இருந்தது. இறுதியில் டாங்கிகள் கொண்டுவரப்பட்டன. ஒரு சமூகத்தின் மனத்தில் அது ஏற்படுத்திய காயத்தின் விலையை நாடு பல ஆண்டுகள் கொடுத்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து யாழ்ப்பாணம். 1987 அக்டோபர் 11-ம் தேதி நள்ளிரவையொட்டி, விடுதலைப் புலிகளின் தலைமையைக் கொக்குவிலில் வைத்தே பிடித்துவிடும் நோக்கத்துடன் இந்திய அமைதிப்படையின் 10-வது பாராசூட் கமாண்டோ வீரர்களும் 13-வது சீக்கிய இலகு காலாட்படையினரும் ஹெலிகாப்டர்கள் மூலம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இறக்கப்பட்டனர். அமைதிப்படையின் வானொலித் தகவல்களைப் புலிகள் ஒட்டுக்கேட்டு, வருபவர்களுக்காகக் காத்திருந்தனர். இருந்த ஹெலிகாப்டர்கள் சிலவே. அவை குண்டுக் காயம் பட்டதும் அடுத்தடுத்த அணிகளைக் கொண்டுவருவது கைவிடப்பட்டது. மைதானத்தில் இறங்கிய சீக்கியப் படையினர் 30 பேரில் 29 பேர் உயிரிழந்தனர், ஒருவர் சிறைபிடிக்கப்பட்டார். கமாண்டோக்கள் விடியும்வரை போரிட்டு, பிறகு டாங்கிகளின் துணையோடுதான் மீட்கப்பட்டனர். பிடிக்கச் சென்ற தலைமை தப்பிவிட்டது. அந்த இரவுக்கும் அதைத் தொடர்ந்த நாள்களுக்கும் கொக்குவில், யாழ்ப்பாணப் பகுதிப் பொதுமக்கள் கொடுத்த உயிர்விலை, தமிழர்களின் நினைவிலிருந்து இன்றும் அகலவில்லை.

இந்த நிகழ்வை வெறும் துரதிருஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. நகரின் வரைபடமும் எதிரியின் பலமும் சரியாகத் தெரியாமல், தரைப்படையும் விமானப்படையும் ஒன்றாகப் பயிற்சி பெற அவகாசம் இல்லாமல், அவசரத்தில் வகுக்கப்பட்ட திட்டம் அது. சிறப்புப் படையை அனுப்பியவர்கள் அதற்குரிய ஏற்பாட்டை அனுப்பவில்லை.

ஏறத்தாழ இதே போன்ற தோல்வியை அமெரிக்காவும் சந்தித்தது. 1980 ஏப்ரலில், டெஹ்ரானில் பிணைக்கைதிகளாக இருந்த தனது தூதரக ஊழியர்களை மீட்க அது அனுப்பிய அணி ஈரானியப் பாலைவனத்திலேயே முடங்கியது. ஹெலிகாப்டர்கள் பழுதாகின. திரும்ப முயன்றபோது ஹெலிகாப்டர் ஒன்று விமானத்தில் மோதி எட்டுப் பேர் இறந்தனர். நான்கு படைகளிலிருந்து பொறுக்கியெடுத்த வீரர்களும் விமானிகளும் முழு அணியாக ஒருமுறைகூட ஒத்திகை பார்க்காமல் புறப்பட்டிருந்தனர் என்பது விசாரணையில் தெரிந்தது. ராணுவத் தலைமை தயங்கியபோதிலும் அந்நாட்டு நாடாளுமன்றம் விடவில்லை. 1986-ல் சட்டம் இயற்றி, 1987-ல் சிறப்பு நடவடிக்கைகளுக்கென்று தனிக் கட்டளையகத்தை அமைக்கச் செய்தது. அதற்குத் தனி நிதி ஒதுக்கீட்டையும் சட்டத்திலேயே எழுதிவைத்தது. அமெரிக்கா பிறகு அந்தப் படையை எங்கெல்லாம், எதற்கெல்லாம் பயன்படுத்தியது என்பது வேறு விவாதம். தோல்வியிலிருந்து பாடம் கற்று, அதைச் சட்டமாக்கியது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

நாம் என்ன செய்தோம்? 1999 டிசம்பர் 24-ம் தேதி கடத்தப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் அமிருதசரஸில் முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக நின்றது. மானேசரிலிருந்து அதிரடிப்படை அங்கு சென்று சேருவதற்குள் அது லாகூருக்குப் பறந்துவிட்டது. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்துக்குள் பயங்கரவாதிகள் புகுந்தபோது, அருகிலேயே பெரும் ராணுவ முகாம் இருந்தும், தில்லியிலிருந்து தேசியப் பாதுகாப்புப் படை அனுப்பப்பட்டது. தளத்தின் பாதுகாவலர்கள், கருட் கமாண்டோக்கள், தரைப்படையினர், தேசியப் பாதுகாப்புப் படையினர் என்று நான்கு தரப்பு ஒரே வளாகத்தில் இருக்க, களத்தில் தலைமை யாருடையது என்ற கேள்வி நாடாளுமன்றம்வரை வந்தது. 2008-ல் மும்பையில் எழுந்த கேள்வியேதான் அது, ஏழு ஆண்டுகள் கழித்து.

இதே தேசியப் பாதுகாப்புப் படையை நமது அரசியல் எப்படிப் பயன்படுத்தியது என்பதையும் மறக்கக்கூடாது. கருப்புப் பூனைப் படை என்ற பெயரைத் தமிழகத்தின் கடைக்கோடி கிராமம்வரை கொண்டு சேர்த்தது அதன் தீரச் செயல்கள் அல்ல. அரசியல் தலைவர்களின் மேடைகளில் சூழ்ந்து நின்ற காட்சிதான் அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியது. பயங்கரவாதிகளை முறியடிக்கப் பயிற்றுவிக்கப்பட்டவர்களைப் பிரமுகர்களின் கௌரவச் சின்னமாக்கும் வழக்கத்தை முற்றாக நிறுத்தி, அப்பணியை மத்திய ரிசர்வ் போலீஸ் படையிடம் ஒப்படைக்கும் உத்தரவு வர 2024 அக்டோபர்வரை காத்திருக்க நேர்ந்தது.

சீர்திருத்தமே நடக்கவில்லை என்று கூறுவது நியாயமாகாது. தேசியப் பாதுகாப்பு ஏற்பாடுகளை ஆராய்ந்த நரேஷ் சந்திரா குழு 2012-ல் அளித்த அறிக்கையில், முப்படைகளுக்கும் பொதுவான சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகம் வேண்டும் என்றது. அதை மத்திய அரசு குறைத்து ஏற்றது. 2019-ல் மேஜர் ஜெனரல் நிலையிலுள்ள அதிகாரியின் தலைமையில் முப்படைச் சிறப்பு நடவடிக்கைப் பிரிவு உருவானது. 2020 ஜனவரியில் முப்படைத் தலைமைத் தளபதி பதவி வந்தது. முப்படையினரும் சேர்ந்து பணிபுரியும் அமைப்புகளில் தளபதிக்கு அனைவர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை அதிகாரம் தரும் சட்டத்தை 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2025 ஆகஸ்டில் மோவ் நகரில் சிறப்புப் படை நடவடிக்கைகளுக்கான முப்படைக் கூட்டுக் கோட்பாடு வெளியிடப்பட்டது.

ஒன்றுபட்டால் என்ன நடக்கும் என்பதையும் நாடு கண்டது. 2024 மார்ச்சில், சோமாலியக் கடற்கொள்ளையர் பிடித்து வைத்திருந்த 'ரூயன்' என்ற சரக்குக் கப்பலை இந்தியக் கரையிலிருந்து சுமார் 2,600 கிலோமீட்டருக்கு அப்பால் ஐ.என்.எஸ். கொல்கத்தா போர்க்கப்பல் மடக்கியது. விமானப்படையின் சி-17 விமானம் மார்கோஸ் வீரர்களையும் அவர்களுடைய படகுகளையும் நடுக்கடலில் இறக்கியது. 35 கொள்ளையர்கள் சரணடைந்தனர். 17 மாலுமிகள் காயமின்றி மீட்கப்பட்டனர். திட்டம், விமானம், கப்பல், வீரர் எல்லாம் ஒரே நோக்கில் இணைந்ததன் பலன் அது.

ஆனால், 2019-ல் கிடைத்தது பிரிவுதானே தவிர, குழு கேட்ட கட்டளையகம் அல்ல. படைத் தளபதிகள் தங்கள் பட்டாலியன்களை விட்டுத்தர விரும்பாதது இயல்பு. எல்லையில் போர் மூண்டால் ஒவ்வொரு வட்டாரத் தளபதிக்கும் கமாண்டோக்கள் தேவைப்படுவர் என்ற வாதத்திலும் உண்மை இருக்கிறது. அதற்காக நாட்டின் எல்லைக்கு வெளியே, அரசியல் விளைவுகள் உள்ள பணிகளுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக அணி சேர்ப்பது சரியாகாது. 2015 ஜூனில் மியான்மர் எல்லையில் 21-வது பட்டாலியனும், 2016 செப்டம்பரில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி 4, 9-வது பட்டாலியன்களும் நடத்திய தாக்குதல்கள் அந்தந்த ராணுவ வட்டாரத்தின் ஏற்பாட்டில் நடந்தவை. எல்லையிலிருந்து நடந்தே சென்று திரும்பக்கூடிய தொலைவுக்கு அது போதுமானது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நமது குடிமக்கள் பிணைக்கைதிகளாகச் சிக்கினால் போதுமானதாக இருக்குமா?

எண்ணிக்கையிலும் எச்சரிக்கை வேண்டும். இரண்டு, மூன்று பட்டாலியன்களாக இருந்த பாராசூட் சிறப்புப் படை பல மடங்கு பெருகிவிட்டது. மூன்று மாதம் நீளும் கடும் தேர்வில் பெரும்பாலோர் வெளியேற்றப்படுவதே இப்படையின் தரத்துக்குக் காப்பு. பட்டாலியன்களைக் கூட்டிக்கொண்டே போனால் ஒன்று தேர்வு தளரும், இல்லையேல் பட்டாலியன்கள் ஆள் குறைந்து நிற்கும். இன்னொரு பக்கம், காலாட்படை செய்யக்கூடிய காட்டுத் தேடுதல் வேட்டைகளிலும் இவர்களே முன்னிறுத்தப்படுகின்றனர். 2023 மே மாதம் ரஜௌரி மாவட்டக் காடுகளில் நடந்த தேடுதலின்போது குண்டுவெடிப்பில் ஐந்து வீரர்களை இழந்தோம். ஒரு கமாண்டோவை உருவாக்க ஆண்டுகள் பிடிக்கும் என்பதை உத்தரவிடுபவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். 2025 ஜூலையில் தரைப்படைத் தலைமைத் தளபதி அறிவித்த 'பைரவ்' இலகு கமாண்டோ பட்டாலியன்கள், காலாட்படைக்கும் சிறப்புப் படைக்கும் இடைப்பட்ட பணிகளை ஏற்று இந்தச் சுமையைக் குறைத்தால் வரவேற்கலாம். கமாண்டோ என்ற பெயரை மட்டும் பெருக்குவதாக அது முடிந்துவிடக்கூடாது.

திபெத்திய வீரர்களின் நிலை தனியே பேசப்பட வேண்டியது. 1971-ல் சிட்டகாங் மலைப்பகுதியில் அவர்கள் போரிட்டு மடிந்தபோது, ரகசியம் என்ற காரணத்தால் வெளிப்படையான அங்கீகாரம் கிடைக்கவில்லை. 2020 ஆகஸ்ட் இறுதியில் கிழக்கு லடாக்கின் பாங்காங் ஏரிக்குத் தெற்கேயுள்ள சிகரங்களை இந்திய ராணுவம் முந்திக்கொண்டு பிடித்தபோது அவர்களும் பங்கேற்றனர். கண்ணிவெடியில் இறந்த வீரர் ஒருவரின் இறுதிச் சடங்கு இந்திய, திபெத்தியக் கொடிகளுடன் லேயில் நடந்தபோதுதான் பலருக்கு இப்படி ஒரு படை இருப்பதே தெரிந்தது. பணி ரகசியமாக இருக்கலாம். உயிர்நீத்தவரின் குடும்பத்துக்குரிய மரியாதையும் உதவியும் ரகசியமாக இருக்கத் தேவையில்லை.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. 2021 டிசம்பர் 4-ம் தேதி நாகாலாந்தின் மோன் மாவட்டம் ஓடிங் கிராமத்தருகே 21-வது பாராசூட் சிறப்புப் படை பதுங்கியிருந்தது. நிலக்கரிச் சுரங்க வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்களைத் தீவிரவாதிகள் என்று கருதிச் சுட்டதில் ஆறு பேர் இறந்தனர். அதையடுத்த மோதலிலும் மறுநாள் மோன் நகரில் நடந்த கலவரத்திலும் சேர்த்து 14 பொதுமக்கள் பலியாயினர். ஒரு வீரரும் உயிரிழந்தார். ஆள் அடையாளம் தவறியதாக உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் கூறினார். மாநிலக் காவல்துறையின் சிறப்புப் புலனாய்வுக் குழு 2022-ல் 30 படையினர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. வழக்குத் தொடர மத்திய அரசு 2023-ல் அனுமதி மறுத்தது. அனுமதி இல்லாத நிலையில் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் குற்றவியல் நடவடிக்கைகளை முடித்துவைத்தது. பின்னர் அனுமதி கிடைத்தால் தொடரலாம் என்றும் கூறியது.

படையினர் வேண்டுமென்றே கொன்றனர் என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. தவறான உளவுத் தகவலைத் தந்தது யார், சுட உத்தரவிட்டது யார், சுடுவதற்கு முன் என்ன சரிபார்க்கப்பட்டது என்ற கேள்விகளுக்கு இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பதில் கிடைக்கவில்லை என்பதையே சுட்டுகிறோம். மறைவில் இயங்கும் படைக்கு மறைவே கவசமாகிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஆஸ்திரேலியா உதாரணம். ஆப்கானிஸ்தானில் அதன் சிறப்புப் படையினர் 39 பேரைச் சட்டவிரோதமாகக் கொன்றதற்கு நம்பத்தகுந்த தகவல்கள் உள்ளதாக, அந்நாட்டு ராணுவமே நடத்திய விசாரணையின் அறிக்கை 2020 நவம்பரில் வெளியானது. தனது மிகச் சிறந்த வீரர்களைப் பற்றியே அப்படியொரு அறிக்கையை மக்கள் முன் வைப்பதற்கும் ஒரு துணிவு வேண்டும்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாவதாக, முப்படைச் சிறப்பு நடவடிக்கைப் பிரிவைச் சட்டத்தின் வழியே கட்டளையகமாக உயர்த்தி, நாட்டுக்கு வெளியேயான முக்கியப் பணிகளுக்குத் தேர்ந்தெடுத்த அணிகளை நிரந்தரமாக அதன்கீழ் வைக்க வேண்டும். மற்ற பட்டாலியன்கள் வட்டாரத் தளபதிகளிடமே இருக்கலாம். இரண்டாவதாக, அதற்கென்று விமானங்களும் ஹெலிகாப்டர்களும் தனி நிதியும் வேண்டும். இரவல் விமானத்தில் செல்லும் கமாண்டோ, சண்டீகரிலிருந்து விமானம் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

மூன்றாவதாக, தேசியப் பாதுகாப்புப் படையை ராணுவத்தோடு இணைக்க வேண்டியதில்லை. நாட்டுக்குள், மாநிலக் காவல்துறையோடு சேர்ந்து பணியாற்றும் படை உள்துறையின் கீழ் இருப்பதே குடியாட்சி முறைக்கு ஏற்றது. ஆனால், ராணுவத் தளத்தில் தாக்குதல் நடந்தால் யார் தலைமை, விமானம் கடத்தப்பட்டால் யார் தலைமை, மாநிலத் தலைநகரில் தாக்குதல் நடந்தால் யார் தலைமை என்பது முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஒத்திகை பார்க்கப்பட வேண்டும்.

நான்காவதாக, பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு மூடிய அறையிலேனும் இப்படைகளின் நடவடிக்கைகளைப் பரிசீலிக்க வழி செய்ய வேண்டும். பொதுமக்கள் உயிரிழக்கும் ஒவ்வொரு நிகழ்விலும் சுயேச்சையான விசாரணை கட்டாயமாக்கப்பட வேண்டும். வழக்குத் தொடரும் அனுமதியைத் தருவதோ மறுப்பதோ குறித்த காலத்துக்குள், காரணங்களுடன் நடக்க வேண்டும்.

ஒரே தலைமை வேண்டும் என்று கோருபவர்கள் பலர் இந்த நான்காவதைப் பற்றிப் பேசுவதில்லை. அதிகாரத்தை ஒரு கையில் குவித்துவிட்டுப் பொறுப்பை ஐந்து திசைகளில் சிதறவிடுவது சீர்திருத்தமாகாது. யாழ்ப்பாண மைதானத்தில் மடிந்த வீரர்களின் குடும்பத்தாரும், கொக்குவில் மக்களும், ஓடிங்கின் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தாரும் கேட்கும் கேள்வி ஒன்றே: இதற்கு உத்தரவிட்டது யார்? அந்தக் கேள்விக்கு ஒரு பெயரைப் பதிலாகச் சொல்லக்கூடிய அமைப்புதான் நாட்டுக்குத் தேவை. அதை அடுத்த நெருக்கடி இரவில் தேடக்கூடாது.